கொடியேறிய நாளில் பிடித்த மீன்

மீன் பிடிக்கப் போனேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினை கிலோ?" என்பதுதான். நான் போகும் ஆற்றில் கிலோக் கணக்கு இல்லை. காலையில் போய் மாலையில் வெறுங்கையோடு திரும்புவதுதான் அங்கே வழமை. அதைச் சொன்னால், "அப்ப ஏன் அண்ணை போறியள்?" என்பார்கள். அதற்கு நான் இன்றுவரை யாருக்கும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. ஆற்றங்கரைக் காற்று உடம்புக்கு நல்லது என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். உண்மையான பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. வீட்டில் இருக்க முடியாமல்தான் போகிறேன்.

என் மனைவி கனடாவில் இருக்கிறாள். பிரிந்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொராண்டோவில் கலியாணம் முடித்திருக்கும் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள். போகும்போது மூன்று மாதம் என்றாள். மூன்று ஆறானது. ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதென்றால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மருமகன் கெட்டிக்காரன், விண்ணப்பித்துவிட்டான். இடையில் ஒரு தடவை வந்தாள். எனக்குப் புது உள்ளாடைகள் வாங்கி அலுமாரியில் அடுக்கினாள், மிளகாய்த்தூள் திரித்துப் போத்தல்களில் நிரப்பினாள், யன்னல் சீலைகளைக் கழுவினாள். பிறகு இரண்டாவது பிள்ளை வரப்போகிறது என்று மறுபடி பறந்துவிட்டாள். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. இங்கே ஜெர்மனியில், ஹம் நகரத்தின் ஓரத்தில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. என்னால் போய் நிற்க முடியாது. அவளால் விட்டுவிட்டு வர முடியாது. குற்றம் யாருடையது என்று தேடினால் பச்சைக் குழந்தையில்தான் போய் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் பேசுவோம். அவள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"என்னத்தோடை?"

பருப்பு என்பேன், முட்டை என்பேன். அத்தோடு அவளுக்கு மனம் ஆறிவிடும். பிறகு கைபேசியைப் பேரப்பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். நான் பட்டினி கிடக்கிறேனா என்பதுதான் அவளுடைய கவலை. வயிறு நிறைந்த மனிதனுக்கும் ஒரு வீட்டில் தனியாக இருக்க முடியாமல் போகும் என்பது அவளுக்குத் தோன்றுவதே இல்லை. அவளைச் சொல்லி என்ன, எனக்கும் முன்பு தோன்றியதில்லை.

"வாரும்" என்று ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை பெற்ற மகளிடமிருந்து தாயைப் பிடுங்கி எடுத்த தகப்பன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அவளாக வர வேண்டும். இந்த வருடம் கோடை முடிய வருவேன் என்று சொல்லியிருந்தாள். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. நான் அந்தக் கோடை முடிவைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

மீன் பிடிக்கத் தொடங்கியது அவள் போன பிறகுதான். ஜெர்மனியில் தூண்டில் போடுவது லேசான காரியம் இல்லை, பரீட்சை எழுத வேண்டும். மீன்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். எந்தத் தடிக்கு எந்தச் சுருள், எந்த நூல், எந்தத் தூண்டில் என்று மேசையில் எடுத்து அடுக்கிக் காட்டச் சொல்வார்கள். அந்த மேசையில் யாருக்கு எது என்பது சீட்டில் விழும். எனக்கு விழுந்தது ஈத்தூண்டில். மெல்லிய நீளத் தடி, தடித்த மஞ்சள் நூல், அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத நைலோன் நரம்பு, நரம்பின் முனையில் இறகும் மான்மயிரும் சுற்றிக் கட்டிய பொய் ஈ. புழு கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. நூலின் பாரத்தில்தான் ஈ பறந்துபோய் விழ வேண்டும். பரீட்சை முடிந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோய் அது மட்டும் நினைவில் நின்றது. அதையே வாங்கினேன். இதற்குமேல் அதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

முதல் வருடம் நான் பிடித்தவை கரையோர மரங்கள், மாட்டு வேலிக் கம்பி, ஒருமுறை என் சொந்தத் தொப்பி. வேலையில் ஒரு ஜெர்மன்காரன், மீன் கடை எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டவா என்று கேட்டான். நான் விடவில்லை. ஓய்வு நாளில் விடிந்தவுடன் எழும்பிப் போவதற்கு ஓர் இடம் கிடைத்ததே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

ஆறு பாடர்போர்ன் பக்கத்தில் இருக்கிறது. ஆறு என்று சொன்னால் ஊரில் பெரிய ஆறு பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறி வரும் குளிர்ந்த நீரோடை. சில இடத்தில் ஒரு பாய்ச்சலில் தாண்டலாம். அந்த ஊர்க் கழகம் நாள் அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. உள்ளே இருப்பது ட்ரவுட். ஜெர்மன்காரருக்கு ஃபொரெல்ல. பழுப்பு முதுகு, பொன்னிற வயிறு, பக்கத்தில் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டையும் சுற்றி ஒரு வெள்ளை வளையம். சாதாரண நாளில் பெரிய ட்ரவுட்டைக் கண்ணால் காண்பதே அரிது. வேருக்கடியில் பதுங்கியிருந்து, அரிசிமணியளவு பூச்சிகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும்.

மே மாதக் கடைசியில் அது மாறும். ஆற்றின் அடிச்சேற்றில் இரண்டு வருடம் புழுவாகப் புதைந்து கிடந்த ஒரு பூச்சி அப்போது மேலே வந்து, தண்ணீரின்மேல் தோலை உரித்துவிட்டுச் சிறகை நிமிர்த்தும். மே ஈ என்று பெயர். வீட்டு ஈயோடு அதைச் சேர்க்கக் கூடாது. பெரியது, வாலில் மூன்று மயிர், சிறகில் கறுப்பு நரம்பு ஓடியிருக்கும். மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி ஓரளவு விளங்கும். ஆயுளும் ஈசலைப் போலத்தான். சிறகு முளைத்தபின் அது எதையும் சாப்பிடாது. கூட்டமாக ஏறி இறங்கிப் பறந்து, தண்ணீரில் முட்டையிட்டு, அதிலேயே விழுந்து முடிந்துபோகும். இப்படி இரண்டு கிழமை, பதினாலு நாள் நடக்கும்; அந்த நாட்களில் பெரிய ட்ரவுட்களுக்கு மூளை கழன்றுவிடும். பட்டப்பகலில் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஈத்தூண்டில்காரர்கள் வருடம் முழுவதும் காத்திருப்பது அந்த இரண்டு கிழமைக்குத்தான். நானும் இந்த வருடம் முன்கூட்டியே ஊர்லவுப் எழுதிக் கொடுத்துவிட்டேன். விடுமுறையை நாங்கள் அந்த ஜெர்மன் சொல்லிலேயே சொல்லிப் பழகிவிட்டோம்.

பொய் மே ஈயும் பெரியது. மற்றப் பொய் ஈக்கள் நுளம்பு மாதிரிச் சின்னதாக இருக்கும். இது உள்ளங்கையில் வைத்தால் கையில் ஏதோ இருக்கிறது என்று தெரியும். மெல்லிய நரம்பில் கட்டி எறிந்தால் காற்றில் சுழன்று நரம்பை முறுக்கிப் போடும், அதனால் தடித்த நரம்பு வேண்டும். மிதப்பதற்காக அதன் மயிரில் எண்ணெய்ப் பசை தடவ வேண்டும். எறிந்து எறிந்து காற்றிலேயே ஈரத்தை உதற வேண்டும். இவையெல்லாம் பழகினால் வரும். பழகினாலும் எனக்கு வராதது ஒன்று இருக்கிறது. ஈ பெரியதென்பதால் மீன் அதை ஆறுதலாக, மெதுவாகத்தான் வாய்க்குள் எடுக்கும். அது வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும்வரை தடியை உயர்த்தக் கூடாது. நான் அவசரக்காரன். தண்ணீர் கலங்கியதும் கை தன்பாட்டில் எழும்பிவிடும். மீன் பிளந்த வாயோடு நிற்கும், ஈ என் தலைக்குமேல் பறந்துபோகும்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு ஈக்கள் கிளம்பின. முதலில் ஒன்று, பிறகு அங்கொன்று இங்கொன்று, பிறகு எண்ண முடியவில்லை. என் தொப்பியில், கண்ணாடியில், சட்டைக் கழுத்தில் எல்லாம் வந்து குந்தின. ஒரு வளைவில், சரிந்து நின்ற மரத்தின் கீழே, ஒரு மீன் எழும்புவதைக் கண்டேன். சின்ன மீன் என்றால் துள்ளும், சத்தம் போடும். இது சத்தமே இல்லை. ஒரு மூக்கு மேலே வந்தது, ஓர் ஈ காணாமல் போனது, வட்டம் ஒன்று மெதுவாக விரிந்தது. அந்த வட்டத்தின் அளவைப் பார்த்ததும் ஓசைப்படாமல் தண்ணீருக்குள் இறங்கினேன்.

இடுப்பளவு தண்ணீரில் மீனுக்குக் கீழ்ப்பக்கமாக நின்றுகொண்டு எறிந்தேன். முதல் எறி எட்டாமல் கட்டையாக விழுந்தது. இரண்டாவது மரக்கிளையில் மாட்டிப் பிறகு தானாக விடுபட்டது; மீன் பயப்படவில்லை. மூன்றாவதுதான் சரியான இடத்தில், உண்மையான ஈக்களுக்கு நடுவே விழுந்தது. அது மிதந்து வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்கு மேலே வந்தது. வாய் திறந்து மூடியது. அந்த நேரம் ஏன் என் கை எழும்பவில்லை என்று எனக்கு இன்னும் தெரியாது. பொறுமை வந்தது என்று சொல்ல ஆசைதான். அதிர்ச்சியில் உறைந்து நின்றேன் என்பதே சரி. மீன் தலையைத் திருப்பிக் கீழே போனது, அதற்குப் பிறகுதான் தடியை உயர்த்தினேன். தடி வளைந்து நடுங்கியது.

அது வேருக்குள் ஓடப் பார்த்தது, நான் விடவில்லை. கீழ்நோக்கி ஓடியது, நானும் தண்ணீருக்குள் தடுமாறிக்கொண்டு பின்னால் ஓடினேன். கடைசியில் வலைக்குள் வந்தபோது அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். வாயோரத்தில் நான் கட்டிய ஈ, அதற்குப் பக்கத்திலேயே இன்னும் விழுங்கி முடிக்காத உண்மையான ஈ ஒன்று.

பிடித்த சந்தோஷத்துக்காகப் பிடித்துவிட்டு, நல்ல மீனைத் திரும்ப விடுகிற வேலை இந்த நாட்டில் சரி வராது. சாப்பிடத்தான் பிடிக்க வேண்டும் என்று பரீட்சையிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். அளந்தேன். தலையில் தட்டினேன், கத்தியால் நெஞ்சில் குத்தினேன். பிறகு புல்லில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சுற்றிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பசுக்கள் நின்றன. ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நல்ல மீன் பிடித்த மனிதனுக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். அழுகை வரவில்லை, ஆனால் வரக்கூடிய இடத்தில் இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் மீன் பிடித்து அவள் பார்த்ததே இல்லை. இதை ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன், தனியாகவும் தின்ன மாட்டேன். அவள் வரும்வரை பிறீசரில் வைப்பேன். கோடை முடிய வந்திறங்கும் அன்று எங்கள் மேசையில் இதை வைத்து இருவரும் சாப்பிடுவோம். வீட்டில் மீன் ஒன்று காத்திருக்கிறது என்றால் அவளுக்கும் வருவதற்கு ஒரு சாட்டு ஆகும். தூண்டிலில் பிடித்த மீனைக் கொண்டு பெண்சாதியைப் பிடிக்கப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

குளிர்ப்பையில் ஐஸுக்கு நடுவே மீனை வைத்து, ரயிலேறி ஹம்முக்கு வந்தேன். நிலையத்துக்கு வெளியே பேருந்துக்கு நின்றபோதுதான் கவனித்தேன், சுற்றிவர எல்லாம் எங்கள் ஆட்கள். பட்டுச் சேலை, வேட்டி சால்வை, திருநீறு, தலை நிறைய மல்லிகை. எசனிலிருந்தும் பீலெஃபெல்டிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கியவர்கள். என் வீட்டுக்குப் போகும் பேருந்துதான் நகர ஓரத்தில் எங்கள் ஆட்கள் கட்டிய பெரிய கோயில் பக்கமும் போகிறது. சேற்றுச் சப்பாத்தும் ஆற்று மணமுமாக நான் அவர்களுக்கு நடுவே ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

முன் இருக்கையிலிருந்து ஒருவர் திரும்பினார். என் மனைவியின் நெருங்கிய சிநேகிதி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், கணவனும் இரண்டு பெண்பிள்ளைகளும். மனைவி இங்கே இருந்த காலத்தில் எங்கள் குசினி அடுப்பருகே அவருடைய குரல் கேட்காத கிழமை இல்லை. அவள் போன பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஆம்பிளை தனியாக இருக்கிற வீட்டுக்கு எதற்கு வருவது? அதுவும் நியாயம்தான்.

"அண்ணை, கோயிலுக்கோ?" என்று கேட்டுவிட்டு என் மடியைப் பார்த்தார். "அபிஷேகத்துக்குப் பாலோ?"

குளிர்ப்பையோடு ஒருவன் கோயில் பேருந்தில் வந்தால் எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உண்மை.

"இல்லைத் தங்கச்சி. மீன்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் என் பக்கத்தில் இருந்த அம்மா தன் பட்டுச் சேலையை ஒதுக்கி மடித்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணை, இண்டைக்குக் கொடியெல்லோ."

கோயில் திருவிழாவுக்கு அன்று காலையில் கொடி ஏறியிருக்கிறது. இந்த வருடம் மே ஈயும் திருவிழாவும் ஒரே நேரத்தில் வந்து நின்றிருக்கின்றன. கொடி ஏறினால் தேர் ஓடி, தீர்த்தம் ஆடி, கொடி இறங்கும்வரை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் புழங்காது. எத்தனையோ வருடமாக அப்படித்தான். ஆனால் அந்த நாட்களை நான் ஒருபோதும் பார்த்து வைத்ததில்லை. ஒரு நாள் வேலையால் வந்தால் வீடு கழுவியிருக்கும், மீன் சட்டி மேல் தட்டுக்குப் போயிருக்கும், நான் விளங்கிக்கொள்வேன். எங்கள் வீட்டின் நாள்காட்டி அவள்தான். அவள் இல்லாமல் எனக்கு வெள்ளியும் தெரியவில்லை, சதுர்த்தியும் தெரியவில்லை. மே ஈ எப்போது வரும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

"மறந்துபோனன்" என்றேன்.

"அக்கா நிண்டால் இப்பிடி விடுவாவோ" என்றார் அவர், இரக்கத்தோடு. பிறகு, "அதை வீட்டிலை வைச்சிட்டு, முழுகிப்போட்டு வாங்கோவன். அன்னதானம் இருக்கு."

"பாப்பம் தங்கச்சி."

என் நிறுத்தத்தில் இறங்கினேன். பேருந்து மல்லிகை மணத்தோடு கோயில் பக்கம் போனது. எனக்குக் கோபம் வந்தது. சேலையை ஒதுக்கிய அம்மாவில் கோபம், என்னில் கோபம், தொராண்டோவில் கோபம். வீட்டுக்குப் போய் மீனைக் கழுவினேன். வயிறு முழுக்க மே ஈக்கள், சிறகு மடிந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக. குடலை எடுத்துவிட்டு, தலையும் வாலும் வெட்டாமல், முழுசாகச் சுற்றிப் பிறீசரின் நடுத்தட்டில் வைத்தேன். வைக்க முன் அதைக் கைபேசிக்கு நேரே தூக்கிப் பிடித்து மனைவிக்குக் காட்டியிருந்தேன்.

"பெரிசாத்தான் கிடக்கு" என்றாள் மனைவி. "ஆத்து மீன் எல்லோ, சேத்து மணம் மணக்கும். தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவினியளோ?" அடுத்த கணம் அவள் முகம் மாறியது. "இஞ்சருங்கோ, இண்டைக்குக் கொடி. நான் இஞ்சை விரதம் இருக்கிறன், நீங்கள் அங்கை மீன் பிடிக்கிறியளோ?"

"சமைக்கேல்லை. பிறீசரிலை வைக்கிறன். நீர் வரேக்கை சமைப்பம்."

"நான் வரும் மட்டுமோ? அது விறைச்சுக் கட்டையாப் போகும்."

"கோடை முடிய வாறீர்தானே?"

"பாப்பம்" என்றாள். பின்னால் குழந்தை அழுதது, எழும்பிப் போனாள்.

பாப்பம் என்ற அந்தச் சொல் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களால் ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்த முடியாது. இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் சில வேளைகளில் அதற்குப் பார்ப்போம் என்றும் அர்த்தம் உண்டு. நான் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

திருவிழா நடந்தது. தேரன்று நானும் போனேன். ஆயிரக்கணக்கான சனம். கச்சான் கடை, சேலைக் கடை, தெரிந்த முகங்கள், "அக்கா எப்ப வாறா?" என்ற கேள்வி. வரிசையில் நின்று சோறு வாங்கி, மதிலோரம் நின்று சாப்பிட்டேன். அவ்வளவு பேருக்கு நடுவே சாப்பிட்டதும் தனியாகச் சாப்பிட்டதாகவே இருந்தது. கூட்டமும் கூட இருக்கிற ஆளும் ஒன்றல்ல என்பது என் வயதில் புதிதாகத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. என்றாலும் மனம் நொந்தது. வீட்டுக்கு வந்து பிறீசரைத் திறந்து பார்த்தேன். எதற்குத் திறந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, மீன் அங்கேதான் கிடந்தது. இன்னொரு நாள் ஆற்றுக்கும் போனேன். ஈக்கள் முடிந்துபோயிருந்தன. வளைவில் ஒரு வட்டமும் விரியவில்லை. பெரிய ஈயை ஒரு மணிநேரம் சும்மா மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

கொடி இறங்கிய மறுநாள் சிநேகிதி தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, அந்த மீன் இருக்கோ? இவர் வேலைக்குப் போகேக்கை வந்து எடுப்பார். நான் குழம்பு வைச்சுத் தாறன்."

"இல்லைத் தங்கச்சி, அது அவ வரேக்கை எண்டு வைச்சிருக்கிறன்."

"அக்காதான் அண்ணை சொன்னவ. பழுதாக்கிப்போடுவார், வாங்கிச் சமைச்சுக் குடு எண்டு."

கடல் கடந்து வந்த உத்தரவுக்கு நான் என்ன சொல்ல முடியும்? என் மீன், என் பிறீசர், ஆனால் தீர்ப்பு தொராண்டோவில். வேண்டாம் என்றால் கஞ்சன் என்று நினைப்பார்கள். அதுவல்ல, இந்த மீனை வைத்துத்தான் அவளை எதிர்பார்க்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பிறகு ஒரு துணிச்சல் வந்தது.

"அப்ப ஒரு வேலை செய்யுங்கோ தங்கச்சி. சமைச்சுக்கொண்டு எல்லாரும் இஞ்சை வாங்கோ. நான் சோறு போடுறன். இருந்து சாப்பிடுவம்."

"ஓம் அண்ணை, ஓம். பாப்பம்."

அவருடைய கணவன் வந்து மீனை வாங்கிப் போனார். நான் பிறீசரின் வெறும் தட்டைப் பார்த்தபோது முதலில் வெறுப்பாக இருந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் மனம் மாறிவிட்டது. மனைவியோடு இல்லாவிட்டாலும் போகட்டும், மனிதரோடு சாப்பிடத்தானே போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். மேசையில் குவிந்து கிடந்த கடிதங்களையும் விளம்பரத் தாள்களையும் அள்ளி அறைக்குள் போட்டேன். நிலக்கீழ் அறையிலிருந்து இரண்டு கதிரைகளைத் தூக்கி வந்தேன். பிள்ளைகளுக்கென்று அப்பிள்ஜூஸ் வாங்கினேன். பெரிய பானையில் சோறு போட்டேன். அந்தப் பானையை நான் தொட்டு எவ்வளவோ காலம். பருப்பும் ஒரு கத்தரிக்காய்ப் பொரியலும் செய்தேன். ஆற்றில் அந்த வளைவில் எப்படி நின்றேன், மீன் எப்படி ஓடியது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன்.

ஆறு மணிபோல வாசல் மணி அடித்தது. கணவன் தனியாக வாசலில் நின்றார். கையில் யோகட் வாளி ஒன்று, மூடி போட்டு, பையில் சுற்றி, இன்னும் சூடாக.

"அவ தந்துவிட்டவ அண்ணை. தலைத்துண்டும் உங்களுக்குத்தான் போட்டிருக்கிறா."

"உள்ளுக்கு வாங்கோ தம்பி. மற்றாக்கள் எங்கை?"

"கீழை, காருக்குள்ளை. எசனிலை ஒரு பிறந்தநாள், பிந்திப்போச்சு. போற வழியிலை குடுத்திட்டுப் போவம் எண்டு." சப்பாத்தைக் கழற்றாமலே வாசல் மிதியடியில் நின்றுகொண்டு சொன்னார். உள்ளே மேசை தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "இன்னொரு நாளைக்குக் கட்டாயம் வாறம் அண்ணை" என்று படியிறங்கினார்.

வாளியைக் கையில் வைத்துக்கொண்டே யன்னலுக்குப் போனேன். கீழே கார் நின்றது. முன் இருக்கையில் சிநேகிதி, பின்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் பளபளவென்று உடுத்தியிருந்தார்கள். கார்க் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். நல்ல சனம். ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாத சனம். கார் திரும்பி, தெருமுனையில் மறைந்தது.

பெரிய பானையிலிருந்து எனக்கு வேண்டிய சோற்றைப் போட்டு, குழம்பை விட்டேன். நல்ல குழம்பு. ஆற்று மீனின் மணம் துளியும் இல்லை, புளியும் உறைப்பும் அளவாக இருந்தன, துண்டுகள் உடையவில்லை. ஏதாவது பிழை இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. மனைவியின் முகம். இவ்வளவு மலர்ச்சியாக அதைக் கண்டு வெகுநாள்.

"கொண்டுவந்து தந்தவையோ?"

"ஓம்."

"தங்கச்சி இப்பதான் கதைச்சவ. அண்ணையைப் பற்றி யோசியாதேங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம் எண்டு சொன்னவ. கேக்க எனக்கு நெஞ்சிலை இருந்த பாரமெல்லாம் இறங்கினமாதிரிக் கிடக்கு. நான் ஒவ்வொரு நாளும் உங்கடை சாப்பாட்டை நினைச்சுத்தான் அழுதுகொண்டிருந்தனான், தெரியுமே?"

தெரியாது. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"மகள் கேக்கிறாள்" என்றாள் அவள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "சின்னவனுக்கு ஒரு வயசு ஆகும் மட்டும் நிக்கச் சொல்லி. உங்களைத் தனிய விட்டிட்டு எப்பிடி எண்டுதான் நான் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப அங்கை உங்களுக்கு ஆக்கள் இருக்கினம்தானே. நிக்கட்டே?"

மேசையைச் சுற்றி ஐந்து கதிரைகள் இருந்தன. கைபேசியில் என் முகம் மட்டும்தான் தெரியும், அவளுக்குக் கதிரைகள் தெரியாது. வாயில் சோறு இருந்தது. விழுங்கினேன்.

"நில்லும்" என்றேன்.